தலைவரின் வயிறும் தேசியக் கிணறும்

ஒரு நாட்டுக்குத் தலைவர் என்று ஒருவர் இருந்தால், அவருக்கு வயிறு என்று ஒன்றும் இருக்கத்தான் செய்யும். இதை எங்கள் அரசியல் சாசனம் எந்த இடத்திலும் குறிப்பிடவில்லை. சாசனம் குறிப்பிடாத ஒன்றைப் பற்றி ஓர் அரசு அதிகாரி வாய் திறக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் இப்போது கண்ட கண்ட ஆட்களெல்லாம், உட்கார்ந்திருக்க முடிகிற கொஞ்ச நேரத்திலும், "எல்லாத்துக்கும் அந்த மரபுச் செயலாளர்தான் காரணம்" என்று பேசிவிட்டு எழுந்து ஓடுகிறார்கள். அந்த மரபுச் செயலாளர் நான்தான். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தேசத்தை நிறுவிய பெருமகனார், தலைவர் இல்லத்துக்கு அடிக்கல் நாட்டிய அன்றே, தம் கையால் இரண்டு பள்ளங்களையும் தோண்டத் தொடங்கிவைத்தார். ஒன்று கிணறு. மற்றொன்று கழிவறைக்கான குழி. அவருக்கு அதிகம் நடப்பது பிடிக்காது. எனவே இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் அமைந்தன. நடுவில் ஒரு சுவர் மட்டும், அதுவும் மரியாதைக்கு. அவர் பிடித்த மண்வெட்டி இன்றும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிணற்றுக்கு தேசியக் கிணறு என்றும், குழிக்கு நிறுவனர் நினைவுக் குழி என்றும் சட்டப்படி பெயர் சூட்டியிருக்கிறோம். இரண்டையும் மூடவோ நகர்த்தவோ கூடாது. கிணற்று நீரைக் கொதிக்கவைப்பதும் குற்றம். கொதித்தால் நீரின் வரலாற்றுத் தன்மை கெட்டுவிடும்.

நிறுவனர் பதவியில் இருந்தபோதே இளைத்து இளைத்து மறைந்தார். அவருக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் "தண்ணியில ஏதோ..." என்று ஆரம்பித்தார். அவரைக் கால்நடைத் துறைக்கு மாற்றிவிட்டு, மரணத்துக்குக் காரணம் தேசக் கவலை என்று அரசு அறிவித்தது. பின்னால் வந்த தலைவர்கள் அத்தனை பேருக்கும் அதே தேசக் கவலைதான் வந்தது. எங்கள் தலைவர்களின் தேசப்பற்றுக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

தேசக் கவலையால்தான் எங்கள் வரலாறே நடந்திருக்கிறது. அண்டை நாட்டோடு நடந்த பேச்சுவார்த்தையில், இரண்டாம் தலைவர் ஒரு வார்த்தை சொல்லாமல் சட்டென்று எழுந்து வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று எதிர்த்தரப்பு நடுங்கிப்போய், கேட்காத துறைமுகத்தையும் எழுதிக் கொடுத்துவிட்டது. அவருக்கு அடுத்தவர் ஓர் ஒப்பந்தத்தைப் படிக்க நேரமில்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினார். அதில் ஒரு மலை போயிற்று. ஆக மொத்தத்தில் பெரிய நஷ்டமில்லை. அன்று முதல் தலைவர் திடீரென எழுவதற்கு 'அவசர எழுகை' என்று பெயர் வைத்து, அதை அரச தந்திரமாகச் சட்டத்தில் சேர்த்தோம். தலைவருடைய அவசர எழுகையோடுதான் எந்தக் கூட்டமும் முடியும். அவர் எழாமல் வேறு யாரும் எழக் கூடாது.

நிறுவனரின் கடைசி வார்த்தைகள் எல்லோருக்கும் தெரியும். ஒரு பொதுக்கூட்ட மேடையில் எழுந்து நின்று, இடது கையால் வயிற்றைப் பிடித்து, வலது கை விரலை நீட்டி, "எங்கே? எங்கே இருக்கிறது?" என்று முழங்கினார். அவர் தேடியது நீதியையா, சமத்துவத்தையா என்று பேராசிரியர்கள் இன்றுவரை நாற்காலியைத் தூக்கி அடித்துக்கொள்கிறார்கள். நகர சதுக்கத்தில் அவருக்கு அதே கோலத்தில்தான் சிலை. இளைஞர்கள் எல்லாம் அதைப் பார்த்து வயிற்றில் கை வைத்தபடியே தெருவில் நடந்தார்கள். தையற்காரர்கள் சட்டையில் கை நுழைக்க வயிற்றுப் பக்கம் ஒரு திறப்பு வைத்தார்கள். முகம் வெளிறித் தெரியக் கடைகளில் ஒரு மாவு விற்றது. பெண் கொடுக்க வருகிறவர்கள், "மாப்பிள்ளை முகத்துல கவலையே இல்லையே, குடும்பத்துக்கு ஆவாரா?" என்று கேட்டார்கள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த நாட்டுக்குத்தான் இந்தப் புதிய தலைவர் வந்து சேர்ந்தார்.

மனிதர் அதற்கு முன் மரக்கடை வைத்திருந்தவர். நல்ல உடம்பு, நல்ல சிரிப்பு, கல்லைத் தின்றாலும் கரைக்கிற வயிறு. பதவியேற்ற அன்று பகலிலேயே எங்கள் வழக்கப்படி அரசுச் சிற்பி அளவு நாடாவோடு வந்துவிட்டார். தலைவர் குதூகலமாகக் கையைத் தூக்கி நின்றார். பக்கத்தில் நின்ற அவருடைய மனைவிதான் கேட்டார்.

"சிலை வைக்க இப்பவே என்னங்க அவசரம்?"

"கொஞ்ச மாசம் போனா அளவு குறைஞ்சிடும்மா," என்றார் சிற்பி, பல்லில் நாடாவைக் கடித்தபடி. "போன தலைவருக்கு நான் லேட்டா வந்துட்டேன். வேட்டி நிக்கவே இல்ல."

அந்தம்மா நேராக நடைக்கூடத்துக்குப் போனார். அங்கே முந்தைய தலைவர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்கும். ஒவ்வொருவருக்கும் இரண்டு படம், வந்தபோது எடுத்தது ஒன்று, கடைசியில் எடுத்தது ஒன்று. எதிர்ச் சுவரில் அவர்களுடைய மனைவிமார்களின் படங்கள். அவர்கள் மட்டும் நன்றாக இருந்தார்கள், ஏனென்றால் பெண்களுக்கு தேசியக் கிணற்று நீரை நாங்கள் கொடுப்பதில்லை. அந்தம்மா ஒவ்வொரு படமாகப் பார்த்துவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் போனார். நானும் கூடவே போனேன்.

"செயலாளரய்யா, இது கிணறு. அது கக்கூஸ் குழி. சரிதானே?"

"தேசியக் கிணறு, நிறுவனர் நினைவுக் குழி."

"ரெண்டுக்கும் நடுவுல என்ன இருக்கு?"

"மரபு இருக்கிறது, அம்மா."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அதில் மரியாதை இருந்ததாகச் சொல்ல முடியாது.

முதல் அமைச்சரவைக் கூட்டம் வந்தது. கூட்டம் தொடங்குமுன் அமைச்சர்கள் எல்லோரும் எழுந்து நின்று, விசுவாசத்தின் அடையாளமாக ஆளுக்கு ஒரு தம்ளர் தேசியக் கிணற்று நீர் குடிப்பார்கள். குடித்தார்கள். தலைவரும் தம் தம்ளரைக் குடித்தார். பிறகு மூக்குக்கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"முதல் ஃபைல் என்ன, சாலை போடறதா? முழுசாப் படிச்சுடலாம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எந்தத் தலைவரின் காலத்திலும் ஒரு கோப்பின் இரண்டாம் பக்கத்தை யாரும் பார்த்ததில்லை. இவர் அடிக்குறிப்பு வரை படித்தார். நிதி அமைச்சர் கால் மேல் கால் போட்டார். சிறிது நேரத்தில் காலை மாற்றிப் போட்டார். பிறகு இரண்டு கால்களையும் ஒன்றாகப் பின்னிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"இதுல யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

"இல்ல ஐயா! எதுக்கும் இல்ல! அடுத்ததுக்கும் இல்ல!"

"அடுத்தது என்னன்னு நான் இன்னும் சொல்லலையே."

"சொல்லவே வேணாம் ஐயா!"

தலைவருக்குக் கண் பனித்துவிட்டது. "இப்படி ஒத்துமையான மந்திரிசபைய நான் கேள்விப்பட்டதே இல்ல," என்றார். அந்த ஒற்றுமையில் அமைச்சர்களின் வாகனச் சலுகையை ரத்து செய்யும் தீர்மானமும் நிறைவேறியது. அமைச்சர்களே கை தட்டினார்கள். தட்டும்போது சிலர் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

கடைசியில் தலைவர் சோம்பல் முறித்து, நாற்காலியைப் பதமாகப் பின்னால் தள்ளி எழுந்தார். "சரி, இன்னைக்கு இது போதும். கிளம்பலாமா?"

நான் குறுக்கே போய் நின்றேன். "மன்னிக்க வேண்டும். இது அவசர எழுகை ஆகாது. தலைவர் திடீரென எழ வேண்டும், முகம் வெளிற வேண்டும், யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது. தாங்கள் சிரித்துக்கொண்டு விடைபெறுகிறீர்கள். சட்டப்படி கூட்டம் முடியவில்லை. தயவுசெய்து உட்காருங்கள்."

"அப்படியா? நல்லதாப் போச்சு. அந்தப் பாலத்து ஃபைலையும் கொடுங்க, பார்த்துடலாம்."

நிதி அமைச்சரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. பிறகு நடந்ததை நாகரிகம் கருதி நான் எழுதவில்லை. மறுநாள் அந்த அறையின் நாற்காலிகளை மாற்றினோம் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

விஷயம் வெளியே கசிந்துவிட்டது. "தலைவர் உட்கார்ந்தே இருக்கிறார்! எதை மறைக்கிறார்?" என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் கேட்டன. கடைத்தெருவில் நானே காதால் கேட்டேன்.

"அவருக்கு வயித்துக்கு ஒண்ணுமே இல்லையாமே?"

"நாட்டப் பத்திக் கவலை இருந்தாத்தானே!"

"நம்ம ஓட்ட வாங்கிட்டு எவ்வளவு நிம்மதியா ஜீரணம் பண்றாரு பாருய்யா!"

எதிர்க்கட்சித் தலைவர் நல்ல சமயம் பார்த்து ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி சட்டமன்றத்துக்கு வந்தார். நாட்டுக்குத் தேவை நிற்க முடியாத தலைவரே என்று அவர் கட்சிக்காரர்கள் கோஷம் போட்டார்கள். அரசு டாக்டர் தலைவரைப் பரிசோதித்தார். குற்றச்சாட்டு உண்மைதான், முழு ஆரோக்கியத்தோடு இருக்கிறார் என்று அறிக்கை கொடுத்தார். நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. தோற்றால் பதவி போகும் என்பது மட்டுமல்ல. பதவி இழந்த தலைவர் தலைவர் இல்லத்தின் பின்கட்டில் ஆயுள் முழுக்கக் காவலில் இருக்க வேண்டும் என்று சட்டம். அங்கிருந்து கிணறு இன்னும் பக்கம். அந்தப் பின்கட்டு இதுவரை காலியாகவே இருக்கிறது, ஏனென்றால் பதவி போகிற அளவுக்கு யாரும் உயிரோடு இருந்ததில்லை.

இந்த ஆள் எப்படித் தப்பிக்கிறார் என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கவனித்தேன். வாசலில் பிடிபட்டது. தலைவரின் மச்சான், அதாவது இப்போது மரக்கடையைப் பார்த்துக்கொள்கிற அந்தம்மாவின் தம்பி, தினமும் காலையில் ஸ்கூட்டரில் ஒரு பெரிய கேன் கொண்டுவருகிறார். திறந்து பார்த்தேன். தண்ணீர். மணமே இல்லாத தண்ணீர்! தலைவரின் தம்ளருக்குப் போய்க்கொண்டிருந்தது இதுதான். என் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தேகத்துக்கிடமான பொருளை நான் கண்டதில்லை. கேனைக் கையோடு தூக்கிக்கொண்டு அந்தம்மாவின் முன்னால் போய் நின்றேன். மச்சானும் முழித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"அம்மா, இது தேசத்துரோகம்."

"இது எங்க தம்பி வீட்டு போர்த் தண்ணிங்க."

"தலைவர் தேசியக் கிணற்று நீரைத்தான் அருந்த வேண்டும். அப்படி அருந்திய தலைவர்களுக்கெல்லாம் சிலை வைத்திருக்கிறோம்."

"எனக்குச் சிலை வேணாங்க. ஆளு வேணும்."

சொல்லும்போதே அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. உள்ளதைச் சொல்வதில் வெட்கமில்லை, எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனால் கண் கலங்குவதற்கு விதியில் இடமில்லையே என்று விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"விதில சரியா என்னங்க எழுதியிருக்கு? குடிக்கணும்னு இருக்கா?"

படித்துப் பார்த்தேன். தலைவருக்கு தேசியக் கிணற்று நீர் 'வழங்கப்பட வேண்டும்' என்றுதான் இருந்தது. விழுங்குவதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

"எழுந்திருக்கணும்னு இருக்கே, அதுக்குக் காரணம் கேக்குதா?"

கேட்கவில்லை. அவசர எழுகை வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஏன் எழுந்தாய் என்று கேட்பது சட்டத்தின் கண்ணியத்துக்கு ஒவ்வாது.

"அப்ப எழுந்திருப்பாரு. நான் பாத்துக்கறேன்," என்றார். என் வயிற்றில் பாலை வார்த்தது போல இருந்தது. கேனைத் தோட்டத்து உபயோகத்துக்கு என்று குறித்து உள்ளே அனுமதித்தேன்.

அன்றே கதவைச் சாத்திக்கொண்டு ஒத்திகை ஆரம்பித்தார்கள். மரபு பிசகக் கூடாதே என்று நானும் உள்ளே இருந்தேன்.

"எழுந்திரிங்க. இப்படி மெத்தையிலிருந்து எழுந்திருக்கற மாதிரி இல்ல. முள்ளு மேல உக்காந்த மாதிரி. ம், முகத்தச் சுளிங்க."

"எனக்குச் சிரிப்பு வருதுடி."

"உசுரு போற விஷயம், சிரிப்பு வருதாம்! ஏதாவது கஷ்டத்த நெனச்சுக்கோங்க."

மச்சான் யோசனையாக முன்னால் வந்தார். "மாமா, நான் மரக்கடையப் பூட்டிட்டு குடும்பத்தோட இங்கயே வந்து தங்கிடறேன்னு நெனச்சுக்கோங்க."

தலைவரின் முகம் அந்த நொடியே வெளிறியது. உதடு துடித்தது. கை தானாக வயிற்றுக்குப் போனது. நிறுவனரையே நேரில் பார்த்தது போல எனக்கு மெய் சிலிர்த்தது.

வாக்கெடுப்பு நாளில், எதிர்க்கட்சித் தலைவர் ஸ்ட்ரெச்சரில் முனகிக்கொண்டிருக்கும்போது, தலைவர் பார்வையாளர் வரிசையில் இருந்த மச்சானை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த கணம் சட்டென்று எழுந்தார். ஒரு கை வயிற்றில், ஒரு விரல் வானத்தில். யாரிடமும் சொல்லாமல் விடுவிடுவென்று வெளியே போனார். கைதட்டலில் கூரை அதிர்ந்தது. எதிர்க்கட்சித் தலைவரே ஸ்ட்ரெச்சரைவிட்டுக் குதித்துக் கை தட்டினார். நம்பிக்கையில்லாத் தீர்மானம் படுதோல்வி அடைந்தது.

அதற்குப் பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. திறப்பு விழாவில் எழுந்தார், விருந்தில் எழுந்தார், ஒரு பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் கேட்டுக்கொண்டதற்காக இன்னொரு முறையும் எழுந்தார். ஆனால் மக்களுக்கு ஓர் ஆச்சரியம். இவ்வளவு தேசக் கவலை உள்ள மனிதருக்கு உடம்பு மட்டும் தேக்கு மரமாக இருக்கிறதே, எப்படி? பத்திரிகைகளே பதிலையும் கண்டுபிடித்துச் சொல்லின: தேசியக் கிணற்று நீரின் மகிமை! அவ்வளவுதான். வயிற்றில் கை வைத்தபடி ஊரே ஊர்வலம் வந்தது. "தலைவருக்கு ஒரு தண்ணி, எங்களுக்கு ஒரு தண்ணியா?" என்ற கோஷத்தில் தலைவர் இல்லத்தின் கண்ணாடிகள் கிடுகிடுத்தன.

தலைவர் அன்று நிஜமாகவே வெளிறிப்போய் மனைவியிடம் ஓடினார். "வீட்டுக்கு வீடு குழாய் கேக்கறாங்கடி. என்ன சொல்றது? தண்ணி நல்லா இல்லன்னு சொன்னா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்களே."

அந்தம்மா ஜன்னல் வழியாகக் கூட்டத்தை எட்டிப் பார்த்தார். நான் அவரைக் கருணையுள்ளவர் என்று நினைத்திருந்தேன். கருணையுள்ளவர்தான். ஆனால் அதற்கு ஒரு சுற்றுச்சுவர் இருந்தது.

"கேட்டுட்டுப் போறாங்க, போட்டுக் கொடுங்க," என்றார். "அவங்க வயிறு, அவங்க பாடு. நமக்குத்தான் தம்பி வீட்ல இருந்து வருதே." ஜன்னலைச் சாத்தினார்.

தேசிய நீர்ப் பகிர்வுத் திட்டம் இப்படித்தான் பிறந்தது. தேசியக் கிணற்றில் பெரிய மோட்டார்களை இறக்கினோம். எத்தனை இறைத்தாலும் அது வற்றவில்லை. ஏன் வற்றவில்லை என்று யாரும் கேட்கவில்லை. சில வாரங்களில் நாடே தேசக் கவலையில் ஆழ்ந்தது. வகுப்பறையில் ஆசிரியர் எழுந்தார், பின்னால் மாணவர்கள் எழுந்தார்கள். நீதிமன்றத்தில் நீதிபதி எழுந்ததும் குற்றவாளி, போலீஸ், வக்கீல் என்று எல்லோரும் வேறு வேறு கதவு வழியாக ஓடினார்கள். இத்தனை தேசப்பற்றை ஒரே காலத்தில் எந்த நாடும் கண்டிருக்காது. எனக்குப் பெருமையில் வயிறு நிறைந்தது. கொஞ்சம் கலக்கவும் செய்தது.

திட்டத்தின் நிறைவு விழா நகர சதுக்கத்தில், நிறுவனர் சிலையின் நிழலில் நடந்தது. பக்கத்திலேயே புதுத் தலைவரின் சிலையும் திரைக்குப் பின்னால் தயாராக நின்றது. நிகழ்ச்சி நிரலில் அவசர எழுகையைச் சிலைத் திறப்புக்கு அடுத்தபடியாக நானே வைத்திருந்தேன். வரவேற்புரை நடந்துகொண்டிருக்கும்போதே தலைவர் துள்ளி எழுந்துவிட்டார்.

முந்திவிட்டாரே என்று பல்லைக் கடித்தேன். ஆனால் என்ன ஒரு நடிப்பு! நெற்றியில் வியர்வை கொட்டியது. இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்தார். பிறகு ஒரு கையை எடுத்துக் கண்டபடி நீட்டி, மைக்கில் கத்தினார்.

"எங்கய்யா? எங்கய்யா இருக்கு?"

ஜனங்களுக்கு வெறி பிடித்துவிட்டது. நிறுவனரின் கடைசி வார்த்தை அல்லவா! "எங்கே? எங்கே?" என்று சதுக்கமே முழங்கியது. அவர் விரல் நீட்டிய பக்கமெல்லாம் திரும்பி எதிர்காலத்தைப் பார்த்தார்கள். அவர் படியில் இறங்கி ஓடப் பார்த்தார். விடுவார்களா? அப்படியே அலாக்காகத் தோளில் தூக்கிக்கொண்டு குலுக்கினார்கள். "குலுக்காதீங்கடா! இறக்குங்கடா!" என்று அவர் அலறியதைப் பேராசிரியர்கள் அவசர அவசரமாகக் குறித்துக்கொண்டார்கள்.

மேடையில் அந்தம்மாவின் முகம் மட்டும் மாறியது. தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"டேய், இன்னைக்குத் தண்ணி எங்கடா புடிச்ச?"

"வழக்கம்போல நம்ம வீட்டுக் குழாய்லதான்க்கா."

இதைச் சொல்லச் சரியான தருணம் இதுதான் என்று நான் முன்னால் வந்து வணங்கினேன். "அம்மா, விழா மேடையில் அறிவிக்கலாம் என்று ரகசியமாக வைத்திருந்தோம். கடைசி இணைப்பு என்ற கௌரவத்தைத் தங்கள் தம்பியின் வீட்டுக்கே கொடுத்திருக்கிறோம். நேற்று அவர் வெளியே போயிருந்தபோது, மொட்டைமாடித் தொட்டியில் தேசியக் கிணற்றுக் குழாயை இணைத்து நிரப்பிவிட்டோம். இனி இந்த நாட்டில் தேசிய நீர் எட்டாத வீடு ஒன்றுகூட இல்லை."

அந்தம்மா மேடைப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கூட்டத்தின் தலைகளுக்கு மேலே அவருடைய கணவர் வெளிறிப்போய் மிதந்துகொண்டிருந்தார். பின்னால் சிற்பி யாரிடமோ சொல்வது கேட்டது. "நல்லவேளை, நான் முன்னாடியே அளவெடுத்துட்டேன்."

"கூட்டிட்டுப் போயிடறேன்யா," என்றார் அந்தம்மா. "பதவியும் வேணாம், ஒண்ணும் வேணாம். எங்கயாவது நல்ல தண்ணி இருக்கற இடமாப் பாத்து கூட்டிட்டுப் போயிடறேன். எங்கய்யா இருக்கு? சொல்லுய்யா, எங்க இருக்கு?"

பதில் சொல்வது என் கடமை. வழிகாட்ட வலது கை விரலை நீட்டினேன். எந்தப் பக்கம் காட்டுவது என்று தெரியவில்லை. இடது கை எப்போது என் வயிற்றுக்குப் போனது என்றும் தெரியவில்லை. சுற்றிப் பார்த்தேன். அமைச்சர்கள், பேராசிரியர்கள், சிற்பி, பத்திரிகைக்காரர்கள், தலைவரைத் தோளில் வைத்திருந்தவர்கள் உட்பட சதுக்கம் முழுக்க ஜனங்கள், ஒரு கையை வயிற்றில் வைத்து, மறுகை விரலை ஆளுக்கு ஒரு திசையில் நீட்டி, வாயைத் திறந்தபடி நின்றார்கள். எல்லோருக்கும் மேலே நிறுவனரும் அதே கோலத்தில் நின்றார்.

அத்தனை பேரில் அவருக்கு மட்டும்தான் அவசரமில்லை.